சிமெந்துக்கு முந்திய ஆட்டங்கள்

குணம் அண்ணை இறந்த செய்தி என் கடை வாசலுக்கு வந்தபோது லொறியிலிருந்து சிமெந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நனைந்த மூட்டை ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிச் சாரதியோடு வாய்த்தர்க்கத்தில் நின்றேன். அண்ணையின் மருமகன் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"மாமா மோசம் போயிட்டார். விடியப்புறம் நெஞ்சு நோகுதெண்டவர். கார் பிடிக்கிறதுக்கிடையிலை முடிஞ்சுது."

சாரதியிடம் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போகச் சொன்னேன். நனைந்த சிமெந்தை நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்களில் பலருக்கு அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்த குணரத்தினம். எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவர் குணம் அண்ணை. கல்லூரியின் முதலாவது கூடைப்பந்து அணிக்குத் தலைவர். படிப்பு முடிந்த பிறகும் கந்தோர் விட்டதும் நேரே மைதானத்துக்கு வந்து, சம்பளம் என்ற பேச்சே இல்லாமல், சாகும் வருடம் வரை பயிற்சி கொடுத்தவர்.

செத்த வீட்டுக்குக் கல்லூரியின் மலர்வளையம் வந்தது. விளையாட்டுக் குழுவின் செயலாளரும் வந்தார். முற்றத்தில் நின்று அஞ்சலி உரை ஆற்றினார். "எமது கல்லூரியில் கூடைப்பந்து ஆரம்பமான காலத்தில் அதற்கு உதவி புரிந்தவர்களில் அமரரும் ஒருவர்" என்றார்.

உதவி புரிந்தவர்களில் ஒருவராம். வீட்டைக் கட்டியவனை, கல் எடுத்துக் கொடுத்தவன் என்று சொல்வது போன்ற பேச்சு இது. பிணம் கிடக்கும் வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்திருக்கும். இனி நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு விடுமுறைக்குக் குணம் அண்ணை கொழும்பிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய்வந்தார். அங்கே கூடைப்பந்து பார்த்திருக்கிறார். வந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லூரிக்குப் பின்னால் மரவள்ளி நின்ற செம்மண் நிலத்தைச் செப்பனிட்டார். இரண்டு பனங்குற்றி நட்டோம். யாரோ வீட்டுப் பழைய கதவு வளையத்துக்குப் பின்பலகையாயிற்று. வளையத்துக்கு ஓர் எண்ணெய்ப் பீப்பாவின் இரும்புப் பட்டையைக் கழற்றிக் கொல்லரிடம் கொடுத்துப் பொருத்தினோம். எறிந்த பந்தெல்லாம் அதற்குள் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் எங்களை வெல்ல ஆளில்லை என்ற நினைப்போடு நகரத்துக் கல்லூரி ஒன்றுடன் விளையாட பஸ் ஏறினோம்.

அங்கே ஒன்றும் விழவில்லை. எறிவதெல்லாம் வளையத்தில் முட்டித் தெறித்தது. நாங்கள் எடுத்த புள்ளிகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவர்கள் எடுத்ததை எண்ண எனக்கு மனம் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் குணம் அண்ணை அவர்களுடைய தலைவனிடம் அனுமதி கேட்டு, என் தோளில் ஏறி நின்று, தன் இடுப்புப் பட்டியால் வளையத்தை அளந்தார்.

"என்னண்ணை?" என்று கீழிருந்து கேட்டேன்.

"எங்கடை வளையம் இதைவிடப் பெரிசடா. நாங்கள் இவ்வளவு நாளும் கிணத்துக்கை எறிஞ்சு பழகியிருக்கிறம்."

வெள்ளைச் சப்பாத்துப் போட்ட நகரத்துப் பெடியள் சிரித்தார்கள். "உங்கடை ஊரிலை கடகத்துக்கையோ பந்து போடுறனீங்கள்?" என்று ஒருவன் கேட்டான். வெறுங்காலோடு நின்ற எங்களுக்கு அவனை அடிக்கலாம் போலிருந்தது. குணம் அண்ணையும் சேர்ந்து சிரித்தார். "ஓம் தம்பி. அடுத்த முறை சுண்டிலை போடப் பழகிக்கொண்டு வாறம்" என்றார். கடகம் என்றால் பெரிய ஓலைப்பெட்டி, சுண்டு என்றால் அரிசி அளக்கும் சின்னத் தகரப் பேணி.

மறுநாளே கொல்லரிடம் போனார். நகரத்து வளையத்தின் அளவுக்குச் செய்யச் சொல்வார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அதிலும் சிறிதாக வெட்டச் சொன்னார். பந்து உரசிக்கொண்டு இறங்கும் அளவு. நாங்கள் முறைப்பட்டோம்.

"சின்னனிலை பழகு. பெரிசு தானாய் விழும்" என்றார்.

தரை இன்னொரு தொல்லை. செம்மண்ணில் பந்து எழும்பாது. நிலத்தில் தட்டினால் முழங்காலோடு நின்றுவிடும். மாரியில் சேற்றில் குந்திவிடும். தட்டிக்கொண்டு ஓடுபவனிடம் பந்து தங்காது. "பந்தை நிலத்திட்டைக் குடாதை, ஆளிட்டைக் குடு" என்பது அவர் அன்றாடம் சொன்ன வாக்கு. ஆகவே நாங்கள் ஓடும்போதே பந்தைக் கைக்குக் கை எறிந்து பழகினோம். அப்படிப் பழகியும் அந்த முதல் வருடம் முழுவதும் தோற்றோம். இரண்டாம் வருடமும் அநேகமாகத் தோற்றோம். இதை நான் மறைக்கவில்லை. மறைப்பவர்கள் வேறு ஆட்கள்.

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் விளையாட்டு முடிவுகளை வாசிப்பது எங்கள் கல்லூரி வழக்கம். அதிபர் நல்ல மனிதர். பெடியனுக்கு அவமானம் வரக்கூடாது என்று நினைத்திருப்பார். "குணரத்தினம், வெண்ட முடிவுகளை மட்டும் வாசிச்சால் போதும்" என்றார்.

"அப்பிடியெண்டால் இந்த வருஷம் நான் மேடைக்கு வரவே தேவையில்லை, சேர்."

அதிபர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். குணம் அண்ணை மேடையில் ஏறி, எதிரணியின் புள்ளிகளை முதலிலும் எங்களுடையதைப் பிறகும் வாசித்தார். மண்டபம் முழுவதும் சிரித்தது. அடுத்த கிழமையும் அப்படியே வாசித்தார். நாங்கள் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். "தோத்ததை முதல் சொல்லிப்போடு. பிறகு ஒருத்தரும் உன்னைப் பயப்பிடுத்தேலாது" என்று இறங்கி வந்து சொன்னார். கொஞ்சக் காலத்தில் சிரித்தவர்களே பின்னேரம் வந்து மைதான ஓரத்தில் நின்று கத்தத் தொடங்கினார்கள். வித்தியாசம் குறைந்துகொண்டு வருவதை வாரா வாரம் அவர்கள் காதால் கேட்டிருந்தார்கள் அல்லவா.

சில வருடங்கள் போயின. தகரக் கொட்டிலில் சுண்ணாம்பு விற்றுத் தொடங்கிய நான் சிமெந்துக்கு மாறியிருந்தேன். குணம் அண்ணை பயிற்சியாளர் ஆகியிருந்தார். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பிய பழைய மாணவர் ஒருவர் கூடைப்பந்துத் தரைக்குச் சிமெந்து போட்டுத் தந்தார். நல்ல காரியம். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிமெந்து என் கடையிலிருந்துதான் போனது. நான் விலை குறைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கே போட்டோம் என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் மரவள்ளி பிடுங்கிச் செப்பனிட்ட அதே செம்மண்ணின் மேலே, அதே நீள அகலத்தில் போட்டோம்.

புதுத் தரையில் முதல் ஆட்டத்துக்கு வந்தது எங்களைக் கடகம் என்று கேலி செய்த அதே நகரத்துக் கல்லூரி. அவர்கள் பந்தைத் தட்டித் தட்டி அழகாக ஓடி வந்தார்கள். குணம் அண்ணையின் பெடியள் பந்தை நிலத்தில் படவே விடவில்லை. கைக்குக் கை பறந்தது. சின்ன வளையத்தில் பழகியவர்கள் எறிந்தவை புது வளையத்தின் கம்பியில் படாமல் விழுந்தன. அந்த ஆட்டத்தை வென்றார்கள். அந்தப் பருவத்தில் கோப்பையும் வந்தது. நகரத்துப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்து வந்து, "மாஸ்டர், உங்கடை பிள்ளையள் எங்கை பழகினவை?" என்று கேட்டார். குணம் அண்ணை காலால் சிமெந்தைத் தட்டிக் காட்டினார். "இதுக்குக் கீழை" என்றார்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் கல்லூரி மண்டபத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். கூடைப்பந்து வரலாறு. வருடம், தலைவர் பெயர், வெற்றி, தோல்வி எல்லாம் பொன் எழுத்தில். அது சிமெந்து போட்ட வருடத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் எங்கள் கல்லூரியில் கூடைப்பந்தே இல்லை. பனங்குற்றி இல்லை, பீப்பாப் பட்டை இல்லை, நாங்கள் இல்லை.

பலகை எழுதுமுன் நடந்த குழுக் கூட்டத்துக்குக் குணம் அண்ணை போனார். நானும் உறுப்பினன். அவர் மண்தரை வருடங்களையும் சேர்க்கச் சொன்னார். செயலாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"அண்ணை, அது ஒழுங்கான தரையில்லை. ஒரு கோப்பையும் வரேல்லை. அதைப் போட்டால் பலகை தோல்வியிலை தொடங்கும். வாற பெரிய ஆக்கள் முதல் வரியைத்தானே பாப்பினம்."

"தோல்வியிலைதானே தம்பி தொடங்கினது."

"அது எங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஏன்?"

"என்ரை பேரை விடு. என்னோடை விளையாடின மற்றவங்கடை பேரைப் போடு. அவங்களும் இந்தக் கல்லூரிப் பெடியள்தான்."

"அடுத்த கூட்டத்திலை பாப்பம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, என்ரை கடை லாபம் வந்த வருஷத்திலை துவங்கேல்லை. நட்டப்பட்ட கொட்டிலிலை துவங்கினது. கொட்டிலை மறைச்சுப்போட்டு வாசலிலை வருஷம் எழுதினால் சனம் காறித் துப்பும்" என்றேன்.

"முதலாளி, கடை வேறை, கல்லூரி வேறை" என்றார் செயலாளர்.

வேறுதான். கடைக்காரனுக்கு வெட்கம் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பலகை ஏறியது. திறப்பு விழாவன்று குணம் அண்ணை மண்டபத்துக்கு வராமல், வெளியே தரையில் பெடியளுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார். கூப்பிடப் போன என்னிடம், "நீ போய்க் கேக் சாப்பிடு. இவங்களுக்கு நாளையிண்டைக்கு ஆட்டம் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து நான் பட வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் நான் அண்ணையின் வீட்டில் இருந்தபோது செயலாளர் வந்தார். இந்த மலரின் முதற்பக்கத்தில் போடச் சொல்லிக் கல்லூரியின் அஞ்சலியைக் கொடுத்தார். அதிலும் சிமெந்து வருடந்தான் தொடக்கம். அண்ணையின் பெயரில் ஆண்டுதோறும் ஒரு கோப்பை வழங்கப் போவதாகவும் சொன்னார். அண்ணையின் மனைவி பரமேஸ்வரி அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"கோப்பை வேண்டாம் தம்பி. அவர் தோத்ததை எழுதுவியளோ?"

"அக்கா, அமரரைப் பற்றி நல்லதைத்தானே எழுத வேணும்."

"அதுதான் நல்லது. உங்களுக்கு விளங்காட்டில் நான் என்ன செய்ய?"

தாளை மடித்துச் செயலாளர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் எழுதும். அவர் வாசிச்ச மாதிரி எழுதும்" என்றார். முதற்பக்கத்தில் கல்லூரியின் அஞ்சலி ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

இப்போது பார்வையாளர் மண்டபம் கட்டுவதற்கு என்னிடம் இனாமாகச் சிமெந்து கேட்கிறார்கள். பலகையை மாற்றிவிட்டு வந்து ஏற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மிரட்டுகிறேன் என்று கதைக்கிறார்களாம். கதைக்கட்டும். நான் வியாபாரி, என் கையில் உள்ளதை வைத்துத்தான் பேச முடியும். பலகை மாறுமோ மாறாதோ தெரியாது. இந்த மலர் ஊரில் வீட்டுக்கு வீடு போகும். அதை எந்தக் குழுவாலும் தடுக்க முடியாது.

குணம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். கடை பூட்டுமுன் என் ஆட்களிடம், "இண்டைக்கு என்ன பழுதாப்போச்சு, அதை முதல் சொல்லுங்கோ" என்றுதான் கேட்பேன். விற்றதைப் பிறகு கேட்பேன். அவர் மேடையில் நின்று வாசித்ததைக் கேட்டு வந்த பழக்கம் அது. இன்று அவர் இல்லாத இடத்தில் நின்று அவர் முறையிலேயே வாசிக்கிறேன். பின்வரிசையில் தலை குனிந்திருந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால், இந்த முறை நிமிர்ந்து கேளுங்கள்.

கல்லூரிக் கூடைப்பந்து. முதலாம் வருடம், செம்மண் தரை. ஆடிய எல்லாப் போட்டிகளிலும் எதிரணிகளுக்கு வெற்றி, எங்களுக்குத் தோல்வி. அணித்தலைவர் குணரத்தினம்.