சர்ஜன் தேர்ந்தெடுத்த எஞ்சின்

பட்டறைத் தெருவில் அவரை எல்லோரும் சர்ஜன் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புது எஞ்சின் பொருத்துவது அவர் தொழில். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். நாளடைவில் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். வண்டி கொண்டுவந்தவர் வாயைத் திறக்குமுன், "நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, வண்டி பேசட்டும்" என்பார். அவர்களும் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்படி நின்றே அவருக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டார்கள்.

அவர் மனைவியின் தம்பி சிட்டி பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவன் என்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோயில் வலது பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் மங்கிப்போனது. சொந்தமாகச் சின்ன வண்டி ஓட்டலாம், பஸ் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியும் மைக்கும் கொடுத்தார்கள். எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று அவன் அறிவிக்க வேண்டும். மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். ஊருக்கே வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தவன், வீட்டில் கூப்பிட்ட குரலுக்குக்கூடப் பதில் சொல்லாமல் ஆகிவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான், இடிக்கப்போகும் ஒரு பங்களாவின் கொட்டகையில் அந்தக் கார் அவன் கண்ணில் பட்டது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு அப்படியே இருந்தது. எஞ்சின் மட்டும் விரிசல் விட்டு வீணாகிப் போயிருந்தது. கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான்.

"மாமா, இதை ஓட வெச்சுக் குடுங்க. நான் இன்னும் டிரைவர்தான்னு எனக்கே ஒரு நம்பிக்கை வேணும்."

மோதிய கார்களைப் பிரித்து விற்கும் கடைக்கு சர்ஜன், மனைவி, மச்சான் மூவரும் போனார்கள். இரண்டு எஞ்சின்கள் தோதாக இருந்தன. இரண்டும் புதுக் கார்களிலிருந்து எடுத்தவை, இரண்டிலும் டர்போ உண்டு. ஒன்று மூன்று சிலிண்டர், சிறியது, சாது. மற்றது நான்கு சிலிண்டர். முடுக்கினால் வயிற்றில் போய் அதிரும்.

"எனக்குச் சின்னதே போதும் மாமா" என்றான் மச்சான்.

"அவன்தான் சொல்றானே, சின்னதையே போடுங்க" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. இந்தக் கார்ல போய்த் தையல் மெஷினை மாட்டினா தெருவே சிரிக்கும்" என்றார் சர்ஜன். உண்மையில், தெரு தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்பதுதான் அவர் கவலை.

பெரிய எஞ்சினில் ஒரு வில்லங்கம் இருப்பது அவருக்கு அன்றே தெரியும். எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று உள்ளே காற்றைத் திணிக்கும் சக்கரம்தான் டர்போ. அடுப்பில் போட்ட இரும்பாகக் காயும். சின்ன எஞ்சினில் அது இடது பக்கம், யாருக்கும் தொந்தரவில்லை. பெரியதில் வலது பக்கம், சரியாக பிரேக் ஆயில் டப்பாவுக்கு அருகில். ஆயில் கொதித்தால் குமிழி கட்டும். குமிழி கட்டினால் பெடல் பிடிமானமில்லாமல் தரைவரைக்கும் போய்விடும். தகடு அடித்து மறைத்தால் தீர்ந்தது என்று முடிவுசெய்தார். அழகாகவே அடித்தார். மேட்டில் ஏற்றினார், நெரிசலில் உருட்டினார், வெயிலில் விரட்டினார். ஒவ்வொரு முறையும் பட்டறைக்குத் திரும்பிப் பெடலை மிதித்துப் பார்த்தார். கல்லு மாதிரி நின்றது.

வண்டியை ஒப்படைத்த அன்று மச்சான் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினான். நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினான். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அவரவர் செல்போனில் படம் எடுத்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அக்கா பார்த்தாள். பேசி முடித்துக் கிளம்பி, சரிவில் இறங்கும்போது கார் நிற்கவில்லை. நேரே போய்ச் சுவரில் மோதியது. அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

தகவல் கிடைத்ததும் சர்ஜன் ஓடினார். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து காரைப் பார்த்தார். பெடலை மிதித்தார். கல்லு மாதிரி நின்றது.

"பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். ஆனால் அந்த வார்த்தையோடு மச்சானின் கதை முடிந்தது.

"அமுக்கினேன் மாமா. அமுக்கின மாதிரிதான் இருந்துச்சு" என்றான் அவன். பிறகு தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். அவன் மனைவி சாவியை வாங்கிப் பீரோவில் பூட்டினாள். ஸ்கூட்டரைக்கூடத் தொடக்கூடாது என்றாள். அவன் மறுக்கவில்லை.

சர்ஜன் காரின் முகத்தைச் சரிசெய்து முடித்தார். யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் தள்ளிவிடலாம் என்று எண்ணம். சோதனை ஓட்டம் முடிந்து திரும்பும் வழியில், மனைவிக்கு வலி மாத்திரை வாங்க மருந்துக்கடை முன் நிறுத்தினார். உள்ளே ஏகக் கூட்டம். நின்று, வாங்கி, வந்து உட்கார்ந்தார். வழக்கப்படி பெடலில் காலை வைத்தார்.

கால் தரைக்குப் போனது.

மறுபடி மிதித்தார். மறுபடியும் தரை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இறங்கிப் பானட்டைத் திறந்தார். உள்ளிருந்த அனல் முகத்தில் அடித்தது. அந்த அனலில் நிற்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஓடும்போது காற்று உள்ளே புகுந்து டர்போவை ஆற்றும். நின்றபின் ஆற்ற ஆளில்லை; மூடிய பானட்டுக்குள் சூடு அப்படியே தேங்கித் தகட்டைச் சுற்றிக்கொண்டு ஆயிலுக்குப் போகும். அவருக்கு இது ஏன் ஒருநாளும் தெரியவில்லை? ஏனென்றால் மெக்கானிக் எவனும் பானட்டை மூடி வைத்துக்கொண்டு சும்மா நிற்பதில்லை. வண்டி நின்ற கணமே திறந்து, எங்கே ஒழுகுகிறது, எங்கே உரசுகிறது என்று குனிந்துவிடுவான். இத்தனை சோதனையிலும் அவரே திறந்து அவரே ஆற்றியிருக்கிறார். காரை நிறுத்தி, பூட்டி, நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிற சாதாரண மனுஷனாக ஒருமுறைகூட அவர் அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

சூடு தணிந்ததும் பெடல் பழையபடி கல்லானது. அப்படியே மூடிக்கொண்டு போய்விடலாம். விஷயம் வெளியே வந்தால் பட்டறைப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். காரை அங்கேயே விட்டுவிட்டு மச்சான் வீட்டுக்கு நடந்தார்.

மச்சான் அறையில் தனியாக இருந்தான். எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்துவைத்து, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலால் அதை மிதித்துக்கொண்டிருந்தான். முள் எகிறிப் போனது. காலை எடுத்தான், மறுபடி மிதித்தான். அவர் நிற்பதைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"நல்லாத்தான் அமுக்குது மாமா. அன்னைக்கு மட்டும் ஏன் அமுக்கலன்னுதான் தெரியல."

சர்ஜன் உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். டர்போ, தகடு, சூடு, பானட் என்று எதையும் விடாமல் சொன்னார். சின்ன எஞ்சினைப் போட்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்பதையும் சொன்னார். அடிப்பான், காறித் துப்புவான், குறைந்தபட்சம் வெளியே போகச் சொல்வான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப என் கால் அமுக்கிச்சா மாமா?"

"அமுக்கிச்சு மச்சான்."

அவன் அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். கோபத்தை எங்கேயும் காணோம். அதைப் பார்க்கத்தான் சர்ஜனுக்குத் தாங்கவில்லை.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. முதல்ல உன்கிட்ட."

"இப்பவே போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க மாமா. நீங்க சொல்றது என் காதுல விழணும்."

போட்டார். மறுமுனையில் மனைவி எடுத்தாள். மச்சான் கண்ணைக்கூடத் துடைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் தம்பி அன்னைக்கு பிரேக் பிடிச்சான்" என்றார். "நான் போட்டுக் குடுத்த வண்டிதான் நிக்கல."