முதற்பிரதி வாங்க வராதவர்

என் முதல் புத்தக வெளியீட்டுக்கு வந்திருந்தவர்கள்: அம்மா, தலைமை தாங்கிய என் பழைய ஆசிரியர், கடனுக்கு அச்சடித்துத் தந்த அச்சகக்காரர், கொட்டாஞ்சேனையில் எங்கள் சிறு ஒழுங்கையில் குடியிருக்கும் சனம் கொஞ்சம். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், முதற்பிரதி பெறுபவர் என்று அழைப்பிதழில் நாங்கள் பெயர் போட்டிருந்த துணிக்கடை முதலாளி. மற்றவர் என் அப்பா. அந்த நேரம் அப்பா புறக்கோட்டையில், அதே முதலாளியின் கிட்டங்கியில், துணிப் பொதி இறக்கிக்கொண்டிருந்தார்.

கொழும்பில் சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவன் முதற்பிரதியை நம்பித்தான் அச்சகத்துக்குள் காலை வைப்பான். வசதியான ஒருவர் மேடையேறி, காசு வைத்த ஒரு கடித உறையைக் கொடுத்து அதை வாங்குவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உறையோடு வரிசையில் வருவார்கள். அன்று அந்த முதல் ஆள் வரவில்லை, வரிசையும் வரவில்லை.

மறுநாள் ஒரு பிரதியோடு முதலாளியின் வெள்ளவத்தைக் கடைக்குப் போனேன். ஐயாவுக்குச் சுகமில்லையோ என்று கேட்கத்தான் போனேன், சத்தியமாக. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவனை மதிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். முதலாளி இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

“குறை நினையாதையும் தம்பி. உம்மட அப்பா எங்கட கிட்டங்கியில பொதி தூக்கிறவர் எண்டு அண்டைக்குக் காலமைதான் தெரியவந்தது. நான் மேடையில ஏறி உம்மட புத்தகத்தை வாங்கினா, நாளைக்கு அவர் என்ர தோளில கை போட்டுக் கதைப்பார். அது சரிவருமே?”

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி புத்தகத்தை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார். விலை தரவில்லை.

எழுதுகிறவன் சோர்ந்து போகாமலிருக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். நடை, தியானம், பச்சைத் தண்ணீர்க் குளியல். எனக்கு அந்தக் கடையின் இரும்புக் கதவு. வயிற்றுப்பாட்டுக்கு நான் வெள்ளவத்தை வீடுகளுக்கு நினைவுமலர் எழுதிக் கொடுக்கிறவன். காலமானவரின் பெருமையை முப்பத்தோராம் நாளுக்குள் அச்சாக்கிவிட வேண்டும். காலையில் அந்த வேலைக்குப் போகும்போது ஒரு தரிப்பு முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்குவேன். பூட்டிக் கிடக்கும் கதவுக்கு முன் நின்று பெயர்ப்பலகையை முழுதாக வாசிப்பேன். பிறகு பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு பிளேன்டீயோடு இருந்து, அடுத்த புத்தகமான நாவலில் இரண்டு பக்கம் எழுதுவேன். அது முடியாமல் எழும்பமாட்டேன். காய்ச்சலோடும் எழுதினேன். கோபம் ஆறிப்போன நாட்களில் கதவு போதாது. கடை திறக்கும்வரை நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவேன். அன்று மூன்று பக்கம் வரும்.

அந்த நாவல் ஒரு பத்திரிகையில் வாராவாரம் வந்தது. வெள்ளவத்தையில் அதைப் பற்றிக் கதைத்தார்கள். முதலாளியின் மனைவியும் வாசித்தாராம். புத்தகமாக வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலாளியே போன் எடுத்தார்.

“தம்பி, இந்தமுறை முதற்பிரதி எனக்குத்தானே? அம்பதாயிரம் வைக்கிறன்.”

“கட்டாயம் வாங்க மொதலாளி. முன்வரிசையில ஒங்களுக்கு ஒரு கதிரை இருக்கு.”

கதிரை என்றுதான் சொன்னேன்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முதலாளி பட்டுச் சட்டையோடு முன்வரிசையில், கையில் உறை. நான் ஒலிவாங்கியைப் பிடித்து, “முதற்பிரதியைப் பெறுபவர், இதோ முன்வரிசையில் இருக்கும் நமது முதலாளியின்…” என்று நிறுத்தினேன். அவர் எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டார். “…கிட்டங்கியில் பொதி சுமக்கும் என் அப்பா” என்றேன். கைதட்டலுக்கு நடுவே முதலாளி மெல்ல மறுபடி உட்கார்ந்தார். அதைப் பார்க்கத்தான் அத்தனை காலையும் எழுதினேன்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. புத்தகத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

“என்னாடா, இம்புட்டு லேசா இருக்கு? இதுக்கா இம்புட்டு நாளு?”

ஒலிவாங்கி அதையும் பிடித்துக்கொண்டது. மண்டபமே சிரித்தது.

மற்றவர்களுக்கான பிரதிகளையும் அப்பாவே கொடுப்பார் என்று அறிவித்தேன். அத்தனை கண் பார்த்திருக்க முதலாளியால் எழும்பிப் போக முடியவில்லை, வரிசையில் வந்தார். அவர் கடையில் சொன்னதை நான் அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. படம் எடுக்கிறவர், “கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ” என்றார். அப்பா கிட்டப் போனார். “மொதலாளி, சிரிங்க” என்று சொல்லி, கையைத் தூக்கி அவர் தோளில் போட்டார்.

முதலாளி உறையைச் சட்டைப்பைக்குள் திருப்பி வைத்தார். புத்தகத்தின் விலை ஆயிரம் ரூபாயை மட்டும் மேசையில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை, இனிக் கிட்டங்கிப் பக்கம் வரவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் எதிர்க்கடைக்குப் பொதி தூக்கப் போய்விட்டார். அச்சகக்காரர் மீதியைக் கேட்டு வந்துபோகிறார். நான் இப்போதும் ஒரு தரிப்பு முன்னதாகவே இறங்குகிறேன். மூன்றாவது புத்தகத்துக்கு அந்தத் திங்கட்கிழமை போதும்.

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டார்: “அப்பா அந்தாளு தோள்ல கை போட்டதுக்கு, நமக்கு எவ்வளவுடா போச்சு?”

“அவரு வச்ச ஆயிரத்தக் கழிச்சா, நாப்பத்தொம்பதாயிரம்மா.”