ஒரு பல்பு எரிந்த இரண்டு வீடுகள்

கரும்பு லாரி தெருவைத் தாண்டும்வரை டீசல் நெடி மட்டும்தான். அது போய், தூசி அடங்கி, எதிர் டீக்கடைக்காரர் வாசலுக்கு மறுபடி தண்ணீர் தெளித்த பிறகுதான் அந்த வாசனை மாடிக்கு ஏறி வரும். லாரியிலிருந்து உதிர்ந்த சோகை நனைந்து, மழையில் நனைந்த கூரைபோல எழும் வாசனை. கரும்பின் காய்ந்த இலையை எங்கள் பக்கம் சோகை என்போம். பாதி இனிப்பு, பாதி மக்கல். அது மூக்கில் பட்டதும் கையில் இருப்பதை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். கான்கிரீட் தெரியும், மின்விசிறி தெரியும். எங்கே ஒழுகுகிறது என்று தேடிப் போன கண் ஒன்றும் கிடைக்காமல் இறங்கி வரும்.

கள்ளக்குறிச்சியில் மகனோடு இருக்கிறேன். வாடகை மாடி. மழை பெய்வதே பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழும் சத்தத்தில்தான் தெரிகிறது. நனையாத வாழ்க்கை. இதற்குத்தானே எல்லோரும் ஏங்கினோம், நானும் ஏங்கினேன். இருந்தும் சோகை மணம் பட்டால் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து, கதவைத் திறந்துகொண்டு, ஏரிக்கரைக்கு நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு ஏரி. எதிரில் கல்வராயன் மலை. கரையில் எங்கள் சோகைக் கூரைகள். ஏரிப் புறம்போக்கு என்பதால் அங்கே யாருக்கும் பட்டா கிடையாது. என்றைக்கு எங்களை எழுப்பி விரட்டுவார்களோ தெரியாத மண்ணில் நான்கு சுவருக்கு யார் மெனக்கெடுவார்கள்? இரண்டு இரண்டு வீடாகக் கட்டுவோம், நடுவில் ஒரே மண்சுவர். அந்தச் சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு மாடம், இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஊடுருவிப் போவது. மாடத்தில் ஒரு சிம்னி விளக்கை வைத்தால் இரண்டு வீட்டுக்கும் வெளிச்சம். கரையில் எல்லா ஜோடி வீட்டிலும் அப்படித்தான்.

அந்த மாடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என் தோழி. இருவரும் ஒரே வருஷம் அந்தக் கரைக்கு வாழ வந்தவர்கள். பிறகு கரண்ட் வந்தது. என் வீட்டுக்கு வந்தது, அவள் வீட்டுக்கு, கட்ட வேண்டிய பணம் சேராததால், வரவில்லை. அதனால் பல்பை மாடத்தின் நடுவில் தொங்கவிட்டோம். சுவிட்ச் என் பக்கம்.

"அணைச்சிடட்டுமாடி?" என்பேன்.

"இரு, பாயப் போட்டுக்கிறேன்" என்பாள். சில நாள், "அணை, அணை, உம் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தா தூக்கம் எங்க வரும்?"

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, மகனும் டவுனில் வேலைக்குப் போன பிறகு, என் ஒவ்வொரு நாளும் அந்தப் பதிலோடுதான் முடிந்தது. அதுவரை நாள் முடியாது. முடிந்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மலையில் மூட்டம் இறங்கினால் கரைக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏரிக்குள் தண்ணீர் வரும் என்று. தோழி செங்கல் எடுக்க ஓடுவாள். அவள் வீட்டுக்காரர் கரும்பு லோடு மேலிருந்து விழுந்து இடுப்பு போனவர். கோலை ஊன்றி நாலு எட்டு வைப்பார், அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே வருமுன் அவர் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் அடுக்க வேண்டும். நான் ஒரு பக்கம் தூக்குவேன், அவள் சொருகுவாள். மேலே இருந்து அவர், "மெதுவா தங்கச்சி, சாமியத் தூக்கற மாதிரி தூக்கறீங்க, கடைசியில ஏரியிலதான் கரைக்கப் போறீங்க" என்பார். சிரிப்போம். சிரித்துக்கொண்டே கணுக்கால் தண்ணீரில் நிற்போம்.

அப்படி ஒரு மழை முடிந்த கையோடு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சு, வீடு. தலைவர் பதவிக்கு இரண்டு பேர். பூட்டு சாவிச் சின்னத்தில் நின்றவர், மலையடிவாரக் கரட்டில் மேடான நிலம் இருக்கிறது, கிராம சபையில் தீர்மானம் போட்டு, தாலுகா ஆபீசில் உட்கார்ந்தாவது கரைச் சனத்துக்கு மனைப்பட்டாவும் கான்கிரீட் வீடும் வாங்கித் தருகிறேன் என்றார். ஆட்டோச் சின்னத்தில் நின்றவர், ஒருத்தரையும் கரையை விட்டு எழுப்ப விடமாட்டேன், இங்கேயே தகரம் போட்டுத் தருகிறேன் என்றார்.

"ஆட்டோக்காரரு இங்கியே நில்லுன்றாரு. பூட்டு சாவிக்காரரு கெளம்புன்றாரு" என்றார் கட்டிலில் இருந்தவர். "சின்னத்த மாத்திக் குடுத்துட்டானுங்களா?"

கரையில் பாதிப் பேருக்குக் கரட்டுக்குப் போக மனசில்லை. வேலை இங்கே, பஸ் இங்கே, பள்ளிக்கூடம் இங்கே. தோழிதான் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். "கால நீட்டிப் படுக்க ஒரு ஈரமில்லாத தர வேணும். அவ்ளோதான் நான் கேக்கறது. பொணம் மாதிரி ஒருத்தரு மேல கெடக்கறாரு, கீழ தவள கத்துது." அப்புறம் என்னைக் காட்டுவாள். "நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மனையா கேட்டு வாங்கிக்குவோம். கேட்டா குடுப்பாங்க."

அவளுடைய மனுவையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு சங்கராபுரம் தாலுகா ஆபீசுக்கு நான்தான் போனேன். பால்வாடியில் வேலை பார்த்தவள் என்பதால் மனு, கையெழுத்து எல்லாம் கரையில் என் வேலை. அங்கே இருந்த குமாஸ்தா அம்மா என்னைப் பற்றியும் கேட்டார்.

"உங்க வூட்டுக்காரர் பேர்ல எங்கனா வூடு இருக்குதாம்மா?"

ரிஷிவந்தியம் பக்கம் அவர் பிறந்த ஊரில், அவர் பேரில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒரு தொகுப்பு வீடு இருந்தது. அதில் அவர் அண்ணன் குடும்பம் பிள்ளை பேரன் எடுத்து வாழ்கிறது. அந்த வாசலில் போய் நின்று இது என்னுடையது என்று சொல்கிற வாய் எனக்கு இல்லை. ஆனால் கணக்குக்கு அது என் வீடு.

"அப்ப உங்களுக்கு வராதும்மா" என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சன்னலில் மலை கூடவே வந்தது. பூட்டு சாவி வென்றால் அவள் கரட்டுக்குப் போவாள். கரை காலியாகும், நான் மகனிடம் போவேன். ஆட்டோ வென்றால் எல்லாம் இருந்தபடி இருக்கும். மாடம் இருக்கும், பல்பு இருக்கும். செங்கல்லும் இருக்கும். வீட்டுக்கு வந்து, மனு கொடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டோக்காரருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு காலையில் குழாயடியில் நின்றிருந்தேன், தனியாக வந்து நின்றார்.

"யக்கா, ஒங்க பேரு அதுல வராதாமே?"

நான் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. அத அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்கன்னா போதும். நீங்க இல்லாம அவங்க கரட்டுக்குப் போவ மாட்டாங்க. அவங்க திரும்பினா கரையே திரும்பிடும். ஒங்களுக்கும் அதானே வேணும்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் கஷ்டம். எனக்கு வேண்டியதைத்தான் சொன்னார், அதுவும் உண்மையை வைத்தே வாங்கிக்கொள்ளச் சொன்னார். குடம் நிரம்பி வழிந்தது. "தண்ணி போவுதுக்கா" என்று அவரே குழாயை மூடிவிட்டுப் போனார்.

சொல்லிவிடலாம் என்றுதான் அன்று முழுக்க இருந்தேன். மாடத்தருகே போய் நிற்பேன். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருப்பாள். "இன்னாடி?" என்பாள். "உப்பு இருக்கா?" என்பேன். அன்று என்னிடம் உப்பு நிறையச் சேர்ந்துவிட்டது.

தேர்தலுக்கு முந்தின நாள் விடியற்காலை வாசல் தெளிக்க வெளியே வந்தால், கரை ரோட்டில் அவள் குனிந்து நிற்கிறாள். கையில் கோலமாவு. கோலம் இல்லை, வீடு. ரோட்டின் அகலத்துக்கு, நிஜ அளவில், அடி வைத்து அளந்து கோடு இழுத்திருந்தாள். நடை, கூடம், சமையல்கட்டு, மூலையில் கக்கூஸ். வாசலுக்கு மட்டும் கோடு இல்லாமல் இடைவெளி.

அவள் வீட்டுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு நேராக நடந்து வந்தார்.

"ஏய், சொவுத்து மேல ஏறி வராரு பாரு! வாசல் வழியா வாய்யா!"

அவர் பின்னால் போனார். சுற்றி வந்தார். இடைவெளிக்கு முன்னால் நின்று, தலையைக் குனிந்து, நிலைப்படி இடிக்காமல் உள்ளே வந்தார். கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். கோலால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு, "ஈரமே இல்லடி" என்றார்.

சமையல்கட்டுச் சுவரின் நடுவிலும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"அது இன்னாடி?"

"தெரியலியா? மாடம். அந்தப் பக்கம் உன் வூடு."

நான் போய் அந்தப் பக்கம் நின்றேன். அங்கே வெறும் ரோடு. விடியல் வெளிச்சத்தில் தார் கறுப்பாக மின்னியது.

"என் வூட்ட வரையலியே."

"மாவு தீந்து போச்சிடி" என்றாள். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள், சிரித்தபடி. "நாளைக்கு நீயே வரைஞ்சிக்க."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஒரு மாட இடைவெளி தூரத்தில்தான் அவள் காது இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் கூடத்தை விட்டு வெளியே வரவேயில்லை. பால்காரன் சைக்கிள் மணி அடித்ததும்கூட, "அப்டி ஓரமா போப்பா, வூடு இருக்குது" என்றார்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே ஓட்டுப் போடப் போனோம். எப்போதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் நான்கு சீட்டு, நான்கு நிறம். தலைவருக்கு இளஞ்சிவப்பு. மற்ற மூன்றையும் யோசிக்காமல் குத்தினேன். இளஞ்சிவப்பை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். ஆட்டோ மேலே, பூட்டு சாவி கீழே. முத்திரைக் கட்டையில் மை காய்ந்துவிடும்போல் இருந்தது. மனசு எங்கெங்கோ போனது. மழை இரைச்சலில் மாடத்து வழியே வரும் அவள் இருமல், அவள் வீட்டுக் கருவாட்டு மணம், அணை அணை என்கிற குரல். இதெல்லாம் எனக்கு வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கை மேலேயே நின்றது. அப்புறம், கோட்டு வீட்டுக்குள் நுழைய ஒரு ஆள் தலையைக் குனிந்தாரே, அது வந்தது. கையைக் கீழே இறக்கிக் குத்தினேன்.

"இன்னாடி இவ்ளோ நேரம்? பரீட்சையா எழுதின?" என்றாள் வெளியே.

"ஆமா."

"பாஸா?"

பூட்டு சாவிதான் வந்தது, கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில். சொன்னபடி அவர் அலைந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டா கொடுக்கும் நாளில் பேர் படித்தார்கள். என் பேர் வரும் வரும் என்று தோழி என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். படித்து முடித்து நாற்காலியை மடக்கிய பிறகுதான் சொன்னேன்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மனு குடுத்த அன்னிக்கே."

கையை விட்டாள். அன்று சாயந்திரம் மாடத்தில் ஒரு பழம்புடவையைச் சுருட்டி அடைத்தாள். பல்பு என் பக்கம் ஒதுங்கிவிட்டது. அவள் பக்கம் இருட்டு. இருட்டாகும் என்று தெரிந்தேதான் அடைத்தாள். சில நாள் கழித்து அவர்தான் கோலால் குத்திப் புடவையைத் தள்ளினார். "அவ மேல கோவம்னா அவகூட பேசாத. வெளிச்சத்து மேல இன்னாடி கோவம்?" வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விட்டது, பேச்சு இந்தப் பக்கம் வர இன்னும் நாளானது. வீடு எழும்பி, பூச்சு முடிந்து, கரையைக் காலி செய்யச் சொன்ன வாரத்தில்தான், "அணைச்சிடட்டுமாடி?" என்ற கேள்விக்கு, "ம்" என்று ஒரு பதில் வந்தது.

டிராக்டர் வந்தது. கூரை வாரைகள், கதவு, அம்மிக்கல், கட்டில், கட்டில் மேல் அவர். சோகையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மழை, அந்த வாசனை கரை முழுக்க. பொதுச் சுவர் மட்டும் இரண்டு பக்கமும் வீடில்லாமல் நின்றது. அதை யார் எடுத்துப் போக முடியும்? மாடத்துப் பல்பை நான் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"அங்க டியூப் லைட்டு போட்டுக் குடுத்திருக்காங்க" என்றாள். ஆனாலும் வாங்கி முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏறி உட்கார்ந்த பிறகு, டிரைவர் கிளப்பும்போது, என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு வந்தது கடைசி மனை. அதுக்கு அப்பால வூடு இல்ல, முள்ளுதான். சமையக்கட்டு சொவுத்துல மாடம் வுட்டுதான் கட்டச் சொன்னேன். மேஸ்திரி இன்னாத்துக்குன்னு கேட்டாரு. காத்துக்குன்னு சொன்னேன்."

"கொசு வரும்டி."

"வரட்டும்."