ஈசானிய மூலைக்குப் போன தண்ணீர்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மாந்தோப்பை அழித்துப் போட்ட பிளாட்டில் எங்கள் வீடு. தெருவில் பதினோரு வீடுகள். வடகிழக்குக் கடைசி மனைக்கு எல்லோருமே ஆசைப்பட்டோம். ஈசானிய மூலை அல்லவா? பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த அண்ணாச்சி முந்திக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நான் மில்லுக்குப் போய்விடுவதால், என் வீட்டு வேலைக்கும் அவர்தான் மேற்பார்வை. முற்றத்தில் சிமெண்டுக் கல் பதித்த அன்று கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கி அவரே வைத்துப் பார்த்திருக்கிறார். முற்றத்துத் தண்ணீர் ஈசானியத்தில்தான் இறங்க வேண்டும் என்று இரண்டு வரிசையைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கவைத்தார். தெருவில் எல்லா வீட்டிலும் அதே வாஸ்து, வடகிழக்காகச் சரியும் அதே வாட்டம். சகதியே கூடாதென்று சாண் இடம் விடாமல் கல் பதித்திருந்தோம்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியான மழை முக்கால் மணி நேரம் பெய்தது. அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த அவர் மனைவி, எங்கள் மதினியின் கட்டிலடியில் செருப்பு மிதந்தது. அண்ணாச்சி கட்டில் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்திவிட்டார். மதினி அப்போதுதான் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். அந்த உயரத்திலிருந்து கால் தரைக்கு எட்டவில்லை. பயந்துபோய் மறுபடி படுத்துவிட்டார். இப்படியே விட்டால் நடையே மறந்துபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மலைத்தண்ணீர் இறங்குகிறது என்றார்கள் தெருவில். மில்லில் நூலைச் சோதிப்பது என் வேலை. யார் எதைச் சொன்னாலும் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டேன். மலையிலிருந்து வந்தால் செம்மண் கலங்கி வராதா? இது தெளிந்த தண்ணீராக இருந்ததே. பாட்டில் மூடிகள் பத்தில், அண்ணாச்சி வீடு போக மற்ற பத்து வீட்டு எண்களையும் எழுதிவைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தேன். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தரமாட்டேன் என்றாள் என் மனைவி.

மழை வந்ததும் குடையோடு போய் ஒவ்வொரு வீட்டு முற்றத்துத் தண்ணீரிலும் அதனதன் மூடியைப் போட்டேன். பிறகு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். வாசற்படியில் இரண்டு மூடி, கூடத்தில் ஐந்து. எண்ண எண்ண எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாலாம் எண் மட்டும் கட்டிலுக்கு வைத்த செங்கலில் முட்டிக்கொண்டு நின்றது. நாலாம் எண் எங்கள் வீடு. மதினி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெட்கமாகப் போய்விட்டது.

அண்ணாச்சி மூடியை எடுத்துத் துடைத்தார்.

"நான் பாத்து வச்ச வாட்டம்லா இது?" என்றார்.

வாட்டத்தை மாற்றிவிடலாம் என்றேன்.

"வாஸ்துவ ஏன் மாத்தணும் தம்பி? கெணறு வெட்டுறதும் ஈசானியத்துலதான. ஒங்க மூலையிலயே குழியத் தோண்டு. தண்ணி அங்கனயே எறங்கட்டும்."

மறுவாரமே எங்கள் முற்றத்து மூலையில் கற்களைப் பெயர்த்து, ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, சல்லியும் மணலும் நிரப்பினோம். அதைப் பார்த்து எதிர்வீடுகள் இரண்டும் தோண்டின. மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள். ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மழை ஒரு சனிக்கிழமை. எங்கள் முற்றத்துத் தண்ணீர் மூலைக்குப் போய், களுக்களுக்கென்று மண்ணுக்குள் இறங்கியது. பார்க்க அலுக்கவே இல்லை. மழை விட்டதும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வந்திருந்தது, ஆனால் கீழ்ச் செங்கலில் பாதி கூட நனையவில்லை. அவர் அதற்குள் கட்டிலின் ஒவ்வொரு காலுக்கடியிலிருந்தும் ஒரு கல்லை உருவியிருந்தார். மதினி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தார். விரல்கள் தரையைத் தொட்டன. குதிகால் எட்டவில்லை.

மிச்சக் கல்லையும் எடுத்துவிடலாமே என்றேன்.

"அது மிச்ச ஏழு வீட்டுக்கு, தம்பி."

மறுநாள் ஞாயிறு. அண்ணாச்சி வீட்டில் பொறுக்கி வைத்திருந்த ஐந்தாம் எண் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் ஐந்தாம் வீட்டுக் கதவைத் தட்டினேன்.