மோசஸ் போட்ட ரெட்டை ஜடை

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மோசஸைப் பார்த்தால், இந்த மனுஷன் பெண்பிள்ளைக்குத் தலை வாரிவிடுவான் என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள். கரேலென்று மீசை, கதவு மாதிரி மார்பு, ஹாரன் அடிக்காமலே வழி வாங்குகிற குரல். ஆனால் அவன் கை மட்டும் வேறு கை. சின்ன வயசில் தறியில் அறுந்த இழையைத் தேடித் தேடி முடிந்த கை. அந்தக் கைக்கு நூல் எப்படியோ அப்படித்தான் மகள் பியூலாவின் முடியும்.

பெண்டாட்டி சாந்தகுமாரி செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு யார் தலை வாருவது? முதலில் ஏதோ சுருட்டிக் கட்டி அனுப்பினான். காக்கா கூடு என்று பிள்ளைகள் சிரித்ததாக அழுதுகொண்டு வந்தது. மறுநாள் உட்கார்ந்தான் பாருங்கள், எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, நேர் வகிடு பிரித்து, இறுக்கிப் பின்னி, சிவப்பு ரிப்பனை மடித்துக் கட்டினான். சாயங்காலம் வரை ஒரு முடி கலையவில்லை. அன்றைக்குப் பிடித்த சீப்புதான்.

பெற்ற பிள்ளைக்குத் தலை வாருவதில் என்ன வெட்கம்? ஒன்றும் இல்லை. இல்லவே இல்லை. ஆனாலும் மோசஸ் வெட்கப்பட்டான். சீப்பை எடுக்கும் முன் தெருக்கதவைத் தாழ் போட்டுவிடுவான்.

எதிர்வீட்டு ஆலம் பீ ஒருநாள் பியூலாவை நிறுத்தி ஜடையைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"யாருடி போட்டது? உங்கம்மாதான் இருட்டுலயே பூடுதே!"

பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மோசஸ் முந்திக்கொண்டான். "எங்க அக்கா கமலா வந்து போட்டுட்டுப் போவுது பூபு."

"கனகம்மாசத்திரத்துல கீதே, அந்த அக்காவா? தெனமுமா?"

"ஆங், பஸ்ஸு இருக்குதே."

"ஜடை போட பஸ் ஏறி வருதா? நல்ல அக்காப்பா. அப்படியே எங்க வூட்டுக்கும் வந்து பேன் பாத்துட்டுப் போவச் சொல்லு."

உள்ளே வந்ததும் மகளிடம் சொன்னான். "யாரு கேட்டாலும் அத்தைன்னு சொல்லு, இன்னா?"

"ஏன் நைனா?"

"சொல்லுன்னா சொல்லு."

ஏன் என்று அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் ஆண்கள் நின்று டீ குடிப்பார்கள். மூப்பர் துளசிங்கத்துக்கு அதுதான் இரண்டாவது பிரசங்க நேரம். "ஆம்பளைய ஆண்டவர் தலையா வெச்சாருய்யா. இப்ப பாதி பேரு அந்தத் தலையக் கழட்டி குக்கருக்குப் பக்கத்துல வெச்சிட்டுக் கீறான்" என்பார். குழாயடியில் பெண்டாட்டி புடவையை அலசின ஒருவனைக் காட்டி, "தம்பிக்கு ஒரு நைட்டி எடுத்துக் குடுங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மோசஸ்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

அந்தச் சபையில் ஆண்கள் ஒரு பக்கம் பாயில், பெண்கள் மறு பக்கம். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடைவெளி. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆராதனை நடத்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை, புஷ்பலதா டீச்சர் முன்னால் நின்று, ஆண்டவர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவின கதையைச் சொன்னார். பிறகு மைக்கைப் பிள்ளைகளிடம் நீட்டினார். "வேலைக்காரங்க செய்யற வேலைய ஆண்டவர் செஞ்சாரு. உங்க வூட்ல உங்களுக்கு அப்படி யாரு செய்யறாங்க?"

அம்மா என்றது ஒரு பிள்ளை. இன்னொன்றும் அம்மா என்றது. மைக் பியூலாவிடம் வந்தது. அது எழுந்து நின்று ஆண்கள் பக்கம் பார்த்தது. நேராக அவனைப் பார்த்தது. மோசஸ் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"எங்க அத்தை" என்றது பிள்ளை. "தெனமும் பஸ் ஏறி வந்து ஜடை போடுது."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "பஸ் ஏறி வராங்களாம்! அந்த அத்தையோட கைக்காக ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டு உருகி ஜெபித்தார். சபையே ஆமென் சொன்னது. மோசஸும் சொன்னான். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அதுவும் சும்மாவா? ஹாரனே தேவைப்படாத அந்தக் குரல் எல்லாருக்கும் மேலே போய் நின்றது. கண்ணைத் திறந்தால் பியூலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே துளசிங்கம் தோளைத் தட்டினார். "பாத்தியா மோசஸ், பொம்பள கை பொம்பள கைதான்."

"ஆமாங்க ஐயா."

வீட்டுக்கு வரும்போது எப்போதும் பக்கத்தில் ஒட்டி உட்காருகிற பிள்ளை, ஆட்டோவில் பின்னால் போய் அம்மாவோடு உட்கார்ந்தது. வீட்டில் சாந்தகுமாரி சோறு போட்டாள். குழம்பை ஊற்றும்போது சொன்னாள்: "உங்க அக்கா கை நல்ல கைதாங்க. நாளைக்கு வரும்போது பாத்திரத்தையும் கழுவிட்டுப் போவச் சொல்லுங்க."

மோசஸ் பாதிச் சோற்றில் கை கழுவினான்.

மறுநாள் காலையில் சீப்போடு உட்கார்ந்தான். பியூலா வரவில்லை.

"மலைக்குக் கூட்டிகினு போ நைனா. மொட்டை போட்டுக்கறேன்."

"நாம சர்ச்சுக்குப் போறவங்க. நமக்கு இன்னாத்துக்கு மொட்டை?"

"முடி இல்லைன்னா நீ பொய் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். ஜெபத்துலயே சொல்லிட்டோம் நைனா. ஆண்டவரு கேட்டுகினு இருந்தாரே."

சீப்புக்காக அவன் இத்தனை நாள் பட்டது ஒரு வெட்கமா? இதுதான் வெட்கம். பிள்ளைக்கு நேர் வகிடு எடுத்த கையாலேயே பொய்யையும் பின்னிக் கொடுத்திருக்கிறான். எழுந்துபோய்த் தெருக்கதவின் தாழை எடுத்தான். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பிள்ளையும் வந்து முன்னால் உட்கார்ந்தது.

வாசல் தெளிக்க வந்த ஆலம் பீ பார்த்துவிட்டாள். "யா அல்லா! கமலா அக்காவுக்கு மீசை மொளச்சிடுச்சே!"

காது சுட்டது. பின்னலை விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தகுமாரி சீப்பை எடுத்தபோது, "இன்னிக்கி வுடு" என்றான். பியூலா தலைவிரிகோலமாகவே சபைக்கு வந்தது. சாட்சி சொல்கிற நேரத்தில் மோசஸ் எழுந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தான். நடு இடைவெளியைத் தாண்டினான். பெண்கள் புடவையை ஒதுக்கி வழி விட்டார்கள். மகளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அத்தை இல்லீங்க டீச்சர்" என்றான். "நான்தான்."

சபையே எட்டி எட்டிப் பார்த்தது. வகிடு கோணிப்போனது. ஒரு ஜடை மேலே ஏற, ஒன்று காதுக்குக் கீழே தொங்கியது. ரிப்பன் வழுக்கியது. அவன் போட்டதிலேயே கேடுகெட்ட ஜடை அதுதான். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஆண்கள் பக்கம் யாரோ உரக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அவன் சிரித்த சிரிப்பேதான் அது.

பியூலா தலையைத் தடவிப் பார்த்தது. "கோணையா கீது நைனா."

"அவுத்துப் போடட்டா?"

"வேணாம். இருக்கட்டும்."

போதகர் பாட்டு நம்பரைச் சொன்னார். எழுந்து ஆண்கள் பக்கம் திரும்பிப் போக மோசஸுக்குக் கால் வரவில்லை. சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், பாட்டு முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.