நடுவில் ஓர் அலமாரி

நான் எட்டாவதோடு நின்றவள். குன்னூரில் ஒரு சின்னக் கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு ஈயம் வைத்துப் பற்றவைக்கிறேன். நாங்கள் செய்வது யானைப் பெட்டி. உள்ளே கேமரா இருக்கும். யானை தெரிந்தால் சைரன் கத்தும்.

முதல் பெட்டியை ஓவேலியில் என் அக்கா குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள் பக்கம் மாட்டினார்கள். விடியும் முன்னே அக்கா அந்த வழியாகத்தான் டீ பேக்டரிக்கு நடப்பாள். மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஏம்புள்ள, என்ன பெட்டி செஞ்சீங்க? யானை வந்தாலும் கத்துது, வராட்டியும் கத்துது. ஆளுக ஒயரைப் புடுங்கிப் போட்டுட்டாங்க."

"அப்ப நீ எப்படிப் போற?"

"எப்பவும் போலத்தான். சாமியக் கும்பிட்டுட்டு."

அன்று மதியம் டப்பாவில் பாதிச் சோறு மிச்சம்.

பெட்டி திரும்பி வந்தது. போர்டு வரைவது ஒரு மேடம், என் மகள் வயது. கேமராவைக் கழற்றினால் சைரன் சும்மா இருந்தது. மாட்டினால் கத்தியது. இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். போர்டில் முடி மாதிரி செம்புக் கோடுகள்.

"இதுல படம் ரொம்ப வேகமா ஓடுதுக்கா. பக்கத்துக் கோடு சைரனைக் கத்தச் சொல்றது. ரெண்டும் இவ்வளவு தூரம் ஒட்டியே போகுது. இதுல ஓடுறது அதுக்குத் தாவுது. சைரன் யானைன்னு நெனச்சுக்குது. கிராஸ்டாக்னு சொல்வாங்க."

எனக்கு விளங்கியது. எனக்கும் பக்கத்து மேசைக்காரிக்கும் இதே வியாதிதான். அவள் பேசுவாள். நான் வேறு இடத்தில் ஈயம் வைத்துவிடுவேன். அதனால்தான் மேடம் எங்கள் நடுவில் ஓர் இரும்பு அலமாரியை நிறுத்தினார். அதற்கு முதுகுத் தகடு கிடையாது. தட்டுச் சந்து வழியே அவள் முன்பைவிடச் சத்தமாகப் பேசினாள்.

புதுப் போர்டு வந்தது. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு செம்புப் பட்டை போட்டிருந்தார் மேடம். மாட்டிப் பார்த்தோம். பழையபடியே கத்தியது. மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுவும் சரிவரலைன்னா பெட்டியே வேண்டாங்கிறாங்கக்கா, ஓவேலில."

எனக்கு வரையத் தெரியாது. மீட்டர் வைக்கத் தெரியும். தாவி வருவதைப் பட்டை வாங்கிக் கிரவுண்டில் இறக்கிவிட வேண்டும்; வீட்டுக்கு எர்த் மாதிரி போர்டுக்குக் கிரவுண்டு. ஒரு முனையைப் பட்டையில் வைத்தேன், மறு முனையைக் கிரவுண்டில். சேர்ந்திருந்தால் மீட்டர் கீச்சிடும். கீச்சிடவில்லை.

"மேடம், பட்டை கிரவுண்டுல சேரலைங்களே. சும்மா கெடக்குதுங்க."

சந்து வழியே பக்கத்து மேசைக்காரி சொன்னாள்: "நம்ம அலமாரியாட்டத்தான். நிக்குது, ஒண்ணுந் தடுக்கல."

மேடம் சிரித்துவிட்டார். "அவசரத்துல விட்டுட்டேங்க்கா. இப்பச் சேர்க்க முடியுமா?"

போர்டின் அடிப்பக்கம் முழுக்கக் கிரவுண்டுதான். பட்டை நெடுகப் பச்சைப் பூச்சைச் சுரண்டி, பொடித் துளைகள் போட்டு, கம்பித் துண்டு சொருகி, இரண்டு பக்கமும் பற்றவைத்தேன். ஒரு பகல் போனது. அன்று பக்கத்து மேசைக்காரியும் பேசவில்லை.

கேமராவை மாட்டினோம். சைரன் சும்மா இருந்தது. மேடம் போனில் ஒரு யானைப் படத்தைக் காட்டினார். கத்தியது. பக்கத்து மேசைக்காரி கேமரா முன்னால் போய் நின்றாள். கத்தவில்லை.

"அப்பாடா" என்றாள். "எனக்கே என் உடம்பு மேல சந்தேகமாத்தான் இருந்துச்சு."

அடுத்த போர்டில் மேடம் கோடுகளையும் தள்ளித் தள்ளிப் போட்டார்.

ஓவேலியில் மறுபடி மாட்டினார்கள். ஒரு வாரம் சத்தமே இல்லை. "ஊமையாக்கிட்டீங்களா?" என்று அக்கா கேட்டாள். அப்புறம் ஒரு காலையில், நான் வேலையில் இருக்கும்போது, போன்.

"கத்துச்சு புள்ள. ஜன்னல்ல பார்த்தேன். பலா மரத்தடியில தும்பிக்கைய ஆட்டிக்கிட்டு நிக்குறாரு பெரியவரு. கெளம்பலையே நானு. டீ போட்டுக் குடிச்சேன். அவரு போன பொறவுதான் போனேன். லேட்டுன்னு சூப்பர்வைசர் திட்டுனாரு. எல்லாம் உன்னாலதான்."

"இருக்கட்டும்" என்றேன்.

"யாருங்க்கா?" என்றாள் அலமாரிக்கு அந்தப்பக்கம் இருந்தவள். சந்து வழியே முழுதும் சொன்னேன். சொல்லி முடித்துக் குனிந்து பார்த்தால், ஈயம் வேறு இடத்தில் இருந்தது.