வாண்டில் ஆற்றில் ஒரு தக்கை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. பேனாவை எடுப்பேன். பிறகு அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். நான் அதிகம் படித்தவள் அல்ல, அது ஒரு காரணம். மற்றக் காரணம், எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் இரண்டு விஷயங்களை வெளியில் பேசுவதில்லை. ஒன்று, அம்மாவின் வயிற்றில் தங்காமல் போன பிள்ளை. அடுத்தது, அப்பாவின் மீன்பிடி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இது விளங்கும். அப்பா காலமாகி இப்போது கொஞ்சக் காலமாகிறது. போன தைப்பூசத்தன்று கோயில் மண்டபத்தில் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது அம்மாவிடம் கேட்டேன். "எழுதன். இனி ஆருக்கு வெக்கம்?" என்றார். ஆகவே முருகனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அங்கே வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் கடற்கரைப் பக்கம் வீடு மாறிப் போகும்போது, தன் பழைய தூண்டில் தடியையும் ஒரு சின்னப் பெட்டியையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கியவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வாண்டில் ஆற்றங்கரையில் நின்றார். என்னையும் கூட்டிப் போனார்.

எங்களோடு அப்போது மாமாவும் இருந்தார், அம்மாவின் தம்பி. பகிடிக்கு அவருக்குக் காரணமே தேவையில்லை. "அத்தான் ஊரிலை கடல் தண்ணியிலை கால் நனைக்காத ஆள். லண்டனுக்கு வந்தெல்லோ மீன்காரனாயிட்டார்" என்று வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அப்பா சிரித்துவிட்டுத் தூண்டில் பெட்டியை எடுத்துத் துடைப்பார்.

வாண்டில் பெரிய ஆறு அல்ல. சில இடங்களில் நன்றாகப் பாய்ந்தால் தாண்டிவிடலாம் போலிருக்கும். பாலத்தடியில் யாரோ தள்ளிவிட்ட கடைத் தள்ளுவண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அடியில் நீளப் பாசி, தலை வாரிவிட்டதுபோல் ஒரே பக்கமாக அசையும். அங்கே நின்று அப்பா தக்கையை விடுவார். தக்கை என்றால் தூண்டில் நூலில் மிதக்கும் ஒரு மெல்லிய குச்சி, நுனிக்குச் சிவப்புப் பூச்சு. அதற்குக் கீழே நூலில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளைப் பல்லால் கடித்து இறுக்குவார். குண்டு கூடினால் தக்கை தாழ்ந்துவிடும், குறைந்தால் சாய்ந்து படுத்துவிடும். ஒரு அரிசி அளவு சிவப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். அது சரிவரும்வரை அப்பா வேறு ஒன்றும் செய்யமாட்டார்.

பிறகு நூலைத் தளரவிடுவார். தக்கை ஆற்றோடு நடந்து போகும். கல்லைச் சுற்றும், சுழியில் கொஞ்சம் யோசிக்கும், கிளை தாழ்ந்து தொங்கும் வில்லோ மரத்தின் நிழலுக்குள் போகும். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நிற்போம். திடீரென்று அந்தச் சிவப்பு இருக்காது. அவ்வளவுதான். சத்தமும் இல்லை. அப்பா மணிக்கட்டை மெல்லத் தூக்குவார், தடி வளையும். ரோச் என்று சொல்கிற சிவந்த செட்டை மீன், உள்ளங்கை அளவு, வெள்ளிக் குத்துவிளக்குப் போல மினுங்கிக்கொண்டு வரும். அப்பா கையை நனைத்துவிட்டுத்தான் அதைப் பிடிப்பார். தூண்டில் முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் கையை வைத்து, அது தானாகப் போகும்வரை காத்திருப்பார்.

விடத்தான் வேண்டும். இங்கே ஆற்று மீன் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வீட்டில் அம்மாவுக்கு அது தெரியாது. முதல் ஞாயிறு தேங்காய்ப்பால் பிழிந்து, புளி கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர், வெறுங்கையோடு வந்த அப்பாவைப் பார்த்தார்.

"ஒண்டும் பிடிபடேல்லையோ?"

"பிடிபட்டது. விட்டிட்டன்."

"விட்டிட்டு வந்தனீங்களோ? பிறகேன் பிடிச்சனீங்கள்?"

"சும்மா."

அந்தச் "சும்மா"வைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. பசிக்குப் பிடித்தால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, விளையாட்டுக்கு ஒரு வாயில்லாத உயிரின் வாயைக் கிழிக்கலாமா என்று கேட்டார். டூட்டிங் சந்தையில் பனிக்கட்டியில் கிடக்கும் விளைமீனை வாங்கிக் குழம்பு வைப்பதில் அம்மாவுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. எங்களில் பலர் அப்படித்தான். போதாக்குறைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, விரதச் சமையலுக்குத் தயிர் எடுக்கப் போன அம்மா ஃபிரிட்ஜில் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே தூண்டிலுக்கு வாங்கிய புழு, உயிரோடு. அன்று ஃபிரிட்ஜ் முழுவதையும் மஞ்சள் தண்ணீரால் கழுவினார். அதோடு புழு நின்றது. அப்பா காலையில் மிஞ்சின பிட்டைக் கொண்டுபோனார். கொஞ்சத்தை ஆற்றில் தூவுவார், கொஞ்சத்தைப் பிசைந்து முள்ளில் வைப்பார். வாண்டில் மீன்கள் அம்மாவின் பிட்டுக்கு நன்றாகப் பழகின.

அந்த வருடம் இலை கொட்டும் காலத்தில் அம்மா கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மாவுக்கு வயிற்றுக் கோளாறு என்று என்னிடம் சொன்னார்கள். தங்காமல் போன பிள்ளையைப் பற்றிப் பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் ஒருத்தி பிள்ளை சுமக்கும்போது அவள் புருஷன் ஒரு உயிரையும் வதைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அப்பாவைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அப்பா முகத்தைப் பார்த்துப் பேசுவதும் குறைந்துபோனது. அப்பாவும் தடியைப் பின்வளவுக் கொட்டிலில் வைத்துவிட்டார், ஆற்றுப் பக்கம் போகவில்லை.

அடுத்த வருடம் சித்திரையில் அம்மா மறுபடியும் பிள்ளை சுமந்தார். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

"இந்தப் பிள்ளை கைக்கு வருமட்டும் ஒரு மீனின்ரை வாயிலையும் முள்ளுப் படக் கூடாது."

"ஓம். நீர் சொன்னாச் சரி" என்றார் அப்பா. திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆனி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பிட்டுப் பொட்டலத்தோடு "சும்மா நடந்திட்டு வாறன்" என்று பின்வாசலால் போகத் தொடங்கினார். மீனுக்குச் சாப்பாடு போடுவது புண்ணியம் என்று அம்மாவே இன்னும் ஒரு பிடி மா கூடக் குழைத்தார். என்னைக் கூட்டிப் போகவில்லை என்று எனக்குத்தான் கோபம். இப்படி ஆவணி வந்துவிட்டது. ஒருநாள் சாப்பிடும்போது மாமா சோற்றைப் பிசைந்துகொண்டு, "பஸ்ஸிலை வரேக்கை பாத்தன், அத்தான் பாலத்தடியிலை தடியோடை தவம் செய்யிறார்" என்று சிரித்தார். அப்பா அப்போது வேலையில். அம்மா சிரிக்கவில்லை. மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோற்றைப் போட்டார். தன் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் அம்மா கோட்டைப் போட்டார். வயிற்றுக்கு மேலே பொத்தான் பூட்டுப்படவில்லை. "வா பிள்ளை" என்று என் கையைப் பிடித்தார். வழியில் இரண்டு இடத்தில் மதிலில் சாய்ந்து நின்றார்.

அப்பா வில்லோ மரத்தடியில் தடியோடு நின்றார். எங்களைக் கண்டதும் தடியை மறைக்கவில்லை. அம்மா கிட்டப் போனார்.

"எனக்குத் தந்த சொல்லு எங்கை?"

"இஞ்சைதான் இருக்கு. முதல்லை இரும். உமக்கு மூச்சு வாங்குது."

"பொய் சொல்லிப்போட்டு வந்து நிக்கிறியள்."

"இரும் எண்டுறன்."

விழுந்து கிடந்த ஒரு மரத்தில் அப்பா தன் ஜக்கெற்றை விரித்தார். அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது, உட்காராமல் ஏலாது. அதனால் இருந்தார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அப்பா ஒரு பிடி பிட்டைத் தூவிவிட்டுத் தக்கையை விட்டார். அது வழக்கம்போல் நடந்து போனது. நான் அதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் கண்ணோரத்தால் பார்த்தார். தக்கை நிழலுக்குள் போய் மறைந்தபோது கழுத்தை நீட்டினார். இரண்டாம் தரம் விட்டபோது முழுதாகத் திரும்பி இருந்தார். மூன்று பேரும் ஒரு சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒருமுறை நடுங்கியது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது. அம்மா என் தோளைப் பிடித்தார்.

"போகுது. இஞ்சேருங்கோ, போகுது. இழுங்கோ. இழுங்கோவன்."

எந்தச் சண்டைக்கு வந்தோம் என்பது அந்த நேரம் அம்மாவுக்கு நினைவில்லை. அப்பா மணிக்கட்டைத் தூக்கினார். நூல் வந்தது, மீன் வரவில்லை. அப்பா நூலின் நுனியை அம்மாவின் கையில் கொடுத்தார். ஈயக் குண்டுகள், அதற்குக் கீழே ஒரு முடிச்சு, முடிச்சைச் சுற்றி மீன் கொறித்துவிட்டுப் போன பிட்டு மிச்சம். அம்மா அதை விரலால் நசுக்கித் தேடினார்.

"முள்ளு எங்கை?"

"சித்திரையிலை வெட்டினது. நீர் சொன்ன அண்டைக்கு."

"பிறகேன் இஞ்சை வந்து நிக்கிறியள்?"

அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "தக்கை தாழுற நேரம் மனசிலை வேறை ஒண்டும் வராது. அதுக்குத்தான். சொன்னா விசர் பிடிச்சிட்டுது எண்டுவியள்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அப்பா பக்கத்தில் போய் இருந்தார். தொடவில்லை, சும்மா இருந்தார். போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதுகூட அம்மா இப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. எப்படியாவது ஆற்ற வேண்டும் என்று அம்மாவின் மடியைப் பிடித்து, "அழாதேங்கோ அம்மா, மீன் டூட்டிங்கிலை வாங்கலாம்" என்றேன். அம்மா முந்தானையை எடுத்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெகு காலத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்தார்கள் என்று இப்போது எழுதும்போது விளங்குகிறது. பிறகு சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்து தண்ணீருக்குள் கல் எறிந்தேன்.

தம்பி மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் சுகமாகப் பிறந்தான். அது முருகன் தந்தது, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அன்று ஆற்றங்கரையில் அம்மாவுக்குக் கிடைத்தது வேறு ஒன்று. அம்மா மீனுக்குத்தான் அழுதார் என்று நான் என் கல்யாணம் முடியும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை மாமா கல்யாண வீடுகளில் சொல்லும்போது அப்பா ஒரு பெரிய மீனைத் தூக்கி, அம்மாவுக்காக அதை விட்டுவிடுகிறார். வருடம் போகப் போக அந்த மீனும் வளர்கிறது. வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். அன்று மீன் ஒன்றும் வரவில்லை. தயவுசெய்து நீங்கள் ஒன்றைச் சேர்க்காதீர்கள்.